லிஃப்ற் வாங்க முன்னம் நிலத்தைத் துளைத்துப் பாருங்கோ

போன ஒக்ரோபரில் அக்காவின் மகன் போன் எடுத்தான். "மாமா, வீட்டுக் கராஜுக்கு இரண்டு தூண் லிஃப்ற் ஒண்டு மலிவாய் வருது. நீங்கள் வந்து பூட்டித் தருவியளோ?" ஸ்காபரோவில் 27 வருடமாகக் கார் திருத்துகிறவன் நான். "காசைக் கட்டிப்போடாதை, வந்து பாக்கிறன்" என்று சொல்லிவிட்டு, அளவு நாடாவையும் துளை போடுகிற மெஷினையும் எடுத்துக்கொண்டு போனேன்.

அவனுடைய ஆசையில் பிழையில்லை. ரொறன்ரோவில் குளிருக்கு ஒரு ரயர், கோடைக்கு ஒரு ரயர் என்று வருடத்தில் இரண்டு தரம் மாற்ற வேண்டும். அவன் வீட்டில் மூன்று கார். ஒவ்வொன்றையும் ஜக் அடித்து உயர்த்தி, குளிர்ந்த நிலத்தில் முதுகைப் போட்டுப் படுக்கிறதை விட லிஃப்ற் எவ்வளவோ மேல்.

முதலில் கூரையை அளந்தேன். 8 அடி. அவனுடைய கொறோலா கிட்டத்தட்ட நாலே முக்கால் அடி உயரம். மிச்சம் மூன்றே கால் அடி. அதற்குள்ளும் கதவை இழுக்கிற மோட்டரும் அதன் தண்டவாளமும் தொங்குகின்றன. காருக்குக் கீழே ஆள் நிமிர்ந்து நிற்க வேண்டுமென்றால் 11, 12 அடிக் கூரை வேண்டும். இரண்டு தூண் லிஃப்ற்களில் அநேகமானவற்றின் தூண்களே 9 அடியைத் தாண்டும்.

"அப்ப கூரையை உயர்த்தினால்?" என்று கேட்டான். மூலையில் ஒரு துளை போட்டேன். மெஷின் கொங்கிறீற்றைக் கடந்து கல்லுக்குள் இறங்கினது கைக்குத் தெரிந்தது. நுனி வளைத்த கம்பியை விட்டு அளந்தால், தடிப்பு மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் கூட. அவ்வளவுதான்.

நிலம்தான் முக்கியம் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான்கு தூண் லிஃப்ற்றில் கார் சில்லுகளிலேயே நிற்கும். பாரம் நான்கு மூலைக்கும் நேரே கீழே இறங்கும். இரண்டு தூண் லிஃப்ற்றில் கார், தூண்களிலிருந்து நீளும் கைகளில் தொங்குகிறது. அந்தப் பாரம் தூண்களைச் சரிக்கப் பார்க்கும். அவற்றைப் பிடித்து வைத்திருப்பவை கொங்கிறீற்றுக்குள் இறுக்கிய போல்ற்றுகள் மட்டுமே. அதனால்தான் உற்பத்தியாளர்கள் பொதுவாகக் குறைந்தது 4 அங்குலத் தடிப்பும், சதுர அங்குலத்துக்கு 3,000 இறாத்தல் தாங்கும் பலமும் கேட்கிறார்கள். புதிதாகக் கொட்டினாலும் 28 நாள் இறுக விட வேண்டும். இங்கே இன்னொரு கரைச்சல் உப்பு. வீதியில் கொட்டுகிற உப்பு காரோடு வந்து, உருகி, தூணின் அடியிலேயே தேங்கும். போல்ற்றையும் கம்பிவடத்தையும் அது தின்னும்.

பாரத்தைத் தூக்குவது ஹைட்ரோலிக். தாங்க வேண்டியது இரும்புப் பூட்டு. காரை உயர்த்தினதும் சற்றுக் கீழே இறக்கி, எல்லாப் பக்கப் பூட்டிலும் இருந்துவிட்டது என்று பார்த்த பிறகே கீழே போக வேண்டும். குழாயில் ஒரு வெடிப்பு, ஒரு சீல் தேய்வு போதும், ஒயில் அமுக்கம் போய்விடும். பூட்டில் இருக்கிற கார் அசையாது.

கார் சரிந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். நான் முன்பு வேலை செய்த ஒரு கராஜில், தூக்கிய வானிலிருந்து கியர்பெட்டியைக் கழற்றினார்கள். முன்பாரம் குறைய, வான் பின்னுக்குச் சரிந்து கைகளிலிருந்து வழுக்கி விழுந்தது. அதுக்குக் கீழே நின்ற பெடியன் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தான். பாரம் எங்கே இருக்கிறது, எதைக் கழற்றினால் எங்கே மாறும் என்பதை லிஃப்ற் பார்த்துக்கொள்ளாது. கார்ப் புத்தகத்தில் காட்டியிருக்கிற இடத்திலேயே கைகளை வைத்து, சில்லு நிலத்தை விட்டதும் நிறுத்தி, காரை ஆட்டிப் பார்க்க வேண்டும். 9,000 இறாத்தல் லிஃப்ற் என்றால் ஒரு கைக்கு 2,250தான். மின்சாரக் கார்களில் பல 4,000 இறாத்தலைத் தாண்டுகின்றன, அதனால் ஒரு கையில் எவ்வளவு பாரம் விழும் என்பதையும் பார்க்க வேண்டும்.

மருமகன் பார்த்த லிஃப்ற்றின் விளம்பரத்தில் "தரநிலைக்கு ஏற்றது" என்று மட்டும் இருந்தது. அது போதாது. வட அமெரிக்காவில் 1945 முதல் இயங்கும் ஓட்டோமோட்டிவ் லிஃப்ற் இன்ஸ்ரிரியூட், சோதித்துத் தேறிய மாதிரிகளுக்குத் தங்க நிற லேபல் ஒட்ட விடுகிறது. அந்த மாதிரிகளின் பட்டியலை இணையத்தில் எவரும் பார்க்கலாம். விற்கிறவர் வாயால் சொல்வதை விடுங்கள், மாதிரி இலக்கத்தை அந்தப் பட்டியலில் தேடுங்கள். அவன் தேடினான். அது இல்லை.

கடைசியில் அவன் வாங்கினது, காரின் இரு பக்கமும் தள்ளி வைக்கிற தாழ்ந்த இரட்டைச் சட்ட லிஃப்ற். 7,000 இறாத்தல் தூக்கும், இரண்டு அடிக்குக் கிட்ட உயர்த்தும். நிலத்தில் பூட்டத் தேவையில்லை, சாதாரண மின்சாரமே போதும், இரண்டு சட்டத்திலும் பூட்டு உண்டு. நிமிர்ந்து நின்று வேலை செய்ய ஏலாது. ஆனால் ரயர், பிறேக், ஒயில் எல்லாத்துக்கும் தாராளம். 8 அடிக் கூரையும் மெல்லிய நிலமும் உள்ள கராஜுக்கு என் தெரிவு இதுதான். இது நிற்கவும் நிலம் உறுதியாய், மட்டமாய் இருக்க வேண்டும்.

லிஃப்ற் வாங்க நினைக்கிறவர்கள், விலை கேட்க முன்னம் கூரை உயரத்தையும் கொங்கிறீற் தடிப்பையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கோ. அந்த இரண்டையும் கேட்காமல் விற்க வருகிறவரிடம் வாங்காதேங்கோ.