வண்டி ஓடுது, கிலோமீட்டர் ஓடலையா? பழைய பிக்கப் ஓனர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

அரியலூர் மாவட்டம் ஆலத்தியூர் பக்கம் போனால் ராம்கோ சிமெண்ட் ஆலை, சுண்ணாம்புக்கல் சுரங்கம், வரிசையாக டிப்பர் லாரிகள். அந்த லாரிகளுக்கு நடுவே செங்கல், ஜல்லி, சிமெண்ட் மூட்டை, காய்கறி என்று உள்ளூர் லோடு அடிக்கும் பழைய பிக்கப்களும் ஓடிக்கிட்டே இருக்கும். தூசி, குண்டும் குழியுமான ரோடு, கூடுதல் பாரம் என்று உழைச்ச இந்த வண்டிகளில் ஒரு நாள் கிலோமீட்டர் எண் அப்படியே நின்னுடும்.

"வண்டிதான் நல்லா ஓடுதே, மீட்டர் எதுக்கு?" என்று விட்டுடுறவங்க நிறைய பேர். ஆனா அந்த எண் நின்னா பாக்கெட்டுக்கு எப்படி அடி விழும், கோளாறு எங்கே இருக்கும், சரி பண்ணும்போது எதை மறக்கக் கூடாது? பார்க்கலாம்.

கிலோமீட்டர் நின்றால் என்ன நஷ்டம்?

எஞ்சின் ஆயில், டீசல் ஃபில்டர், கியர் ஆயில் எல்லாத்தையும் கிலோமீட்டர் கணக்கு பார்த்துத்தான் மாத்தணும். எண் ஓடலைன்னா எப்போ மாத்தினோம்னே தெரியாது. ஆயில் மாத்தும் செலவை விட எஞ்சின் வேலை பல மடங்கு அதிகம்.

அடுத்தது டீசல். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்குதுன்னு தெரியாததால், மைலேஜ் குறைஞ்சாலும் கண்ணுக்குத் தெரியாது. கிலோமீட்டர் கணக்கில் வாடகை பேசுறவங்களுக்கு டிரிப்புக்கு டிரிப் தகராறு வரும். கடைசியில் வண்டியை விற்கப் போனால், நின்ன மீட்டரைப் பார்த்ததும் வாங்குறவர் விலையைக் குறைப்பார்.

மீட்டர் எப்படி ஓடுது?

பழைய பிக்கப்களில் கியர்பாக்ஸின் பின்பக்கம் ஒரு சின்ன பல்சக்கரம் இருக்கும். வண்டி நகர்ந்தால் அது சுழலும். அதிலிருந்து ஒரு கேபிள் டேஷ்போர்டு வரை வரும். வெளியே உறை, உள்ளே முறுக்குக் கம்பி. கம்பி சுழன்றால் மீட்டருக்குள் ரெண்டு வேலை நடக்கும்.

ஒன்று, ஒரு காந்தம் சுழலும். அதன் பக்கத்தில் இருக்கும் அலுமினியக் கிண்ணத்தை அது தொடாமலேயே திருப்பும். வேகம் காட்டும் முள் அந்தக் கிண்ணத்தோடுதான் இணைஞ்சிருக்கு. ஜெர்மனியின் ஓட்டோ ஷூல்ட்ஸே 1902-ல் காப்புரிமை வாங்கிய முறை இது.

ரெண்டாவது, அதே சுழற்சி சின்னச் சின்ன பல்சக்கரங்கள் வழியாக வேகம் குறைந்து எண் உருளைகளைத் திருப்பும். ஒரு உருளை முழுசா ஒரு சுற்று முடிச்சதும் அடுத்த உருளை ஒரு எண் நகரும்.

கோளாறு எங்கே? மூன்று அறிகுறிகள்

* முள்ளும் எண்ணும் ரெண்டும் நின்னு போச்சா? பெரும்பாலும் கேபிள் அறுந்திருக்கும், இல்லைன்னா கியர்பாக்ஸ் பல்சக்கரம் தேஞ்சிருக்கும்.
* முள் ஏறுது, எண் மட்டும் நகரலையா? கேபிள் நல்லா இருக்கு. மீட்டருக்குள் இருக்கும் பல்சக்கரம் உடைஞ்சோ நழுவியோ இருக்கு.
* முள் ஆடுதா, 'டிக் டிக்'னு சத்தம் வருதா? கேபிள் காய்ஞ்சிருக்கு, அல்லது எங்கேயோ மடங்கியிருக்கு. அறுந்து போறதுக்கு முன்னாடி வரும் எச்சரிக்கை இது.

கேபிளை நீங்களே சோதிக்கலாமா?

சோதிக்கலாம். எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு, மீட்டருக்குப் பின்னால் கேபிள் முனையைக் கழற்றுங்க. சமதளத்தில் வண்டியை நியூட்ரலில் வைத்து, ரெண்டு பேர் பத்தடி தள்ளட்டும். உள்கம்பி சுழன்றால் கேபிளும் கியர்பாக்ஸ் பக்கமும் ஓகே, கோளாறு மீட்டரில்.

சுழலலைன்னா உள்கம்பியை வெளியே இழுத்துப் பாருங்க. நடுவில் அறுந்திருக்கலாம், அல்லது சதுரமாக இருக்க வேண்டிய முனை தேய்ந்து உருண்டையாகி இருக்கலாம். ரெண்டுக்கும் கேபிளை மாத்துறதுதான் வழி. கம்பி நல்லா இருந்தால் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் பல்சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கணும். மாத்தும்போது பற்களின் எண்ணிக்கை பழையதோடு ஒத்துப் போகணும். இல்லைன்னா மீட்டர் ஓடும், ஆனா கணக்கு தப்பா வரும்.

புது கேபிளை வளைவு அதிகமில்லாமல் கொண்டு போகணும். கிரீஸ் லேசாகப் பூசினால் போதும். அதிகமானால் அது மேலேறி மீட்டருக்குள் போய் முள்ளை ஒட்ட வைக்கும்.

மீட்டருக்குள் கோளாறு என்றால்?

இது ஸ்பீடோமீட்டர் மெக்கானிக் வேலை. முள்ளும் அதன் மெல்லிய சுருளும் கை பட்டாலே கெட்டுப் போகும். உடைஞ்ச பல்சக்கரத்தை மட்டும் மாத்த முடியுமான்னு முதலில் கேளுங்க. முழு மீட்டரையும் மாத்துறது கடைசி வழி.

கேபிள் இல்லாத வண்டிகளில் கியர்பாக்ஸில் சென்சார் இருக்கும். அதில் முதலில் பார்க்க வேண்டியது ஃபியூஸ், அப்புறம் சென்சார் கனெக்டர். தூசியும் சேறும் ஏறி இணைப்பு விட்டுப் போறது சாதாரணம்.

பழைய எண் என்னாகும்?

பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். பழைய மார்க்கெட்டில் வாங்கிய மீட்டரை மாட்டினால், வேறு வண்டியின் கிலோமீட்டர் உங்க வண்டியில் காட்டும். அதனால் கழற்றும் முன்பே எண்ணை போட்டோ எடுங்க.

மீட்டர் நின்ன பிறகு ஓடிய தூரத்தை டீசல் பில்லை வைத்துக் கணக்கிடலாம். உதாரணமாக, 1,86,420-ல் மீட்டர் நின்னுது. அதன் பிறகு 800 லிட்டர் போட்டிருக்கீங்க, வண்டி லிட்டருக்கு 12 கி.மீ. கொடுக்கும். ஓடியது சுமார் 9,600 கி.மீ. அப்படின்னா உண்மையான கணக்கு சுமார் 1,96,020.

அமெரிக்காவில் மீட்டரை சரி பண்ணும்போது பழைய எண்ணைக் கொண்டு வர முடியலைன்னா, பூஜ்யத்தில் வைத்து, பழைய எண்ணையும் தேதியையும் எழுதிய சீட்டை வண்டியின் இடது கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும் என்பது சட்டம். அதே பழக்கத்தை நாமும் வைத்துக்கொள்ளலாம். மெக்கானிக் பில்லில் பழைய எண், புது எண், தேதி மூன்றையும் எழுதி வாங்கி ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்க.

எஃப்.சி. நேரத்தில் சிக்கல் வருமா?

வரலாம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989 படி, வேகத்தைக் காட்டும் கருவி வண்டியில் இருக்கணும். எஃப்.சி. சோதனைப் பட்டியலிலும் ஸ்பீடோமீட்டர் உண்டு. சரக்கு வண்டிக்கு 8 வருஷம் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும்.

வேண்டுமென்றே கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டி வண்டியை விற்பது வேறு விஷயம். அது ஏமாற்று வேலை. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318-ன் கீழ் புகார் கொடுக்க இடமுண்டு. நீங்க நேர்மையாக மீட்டர் மாத்தினாலும், பில் இல்லைன்னா வாங்குறவருக்கு சந்தேகம் வரத்தான் செய்யும்.

சரியா ஓடுதான்னு எப்படித் தெரியும்?

வேலை முடிஞ்சதும் நெடுஞ்சாலை கிலோமீட்டர் கல் ஒன்றில் தொடங்கி 10 கி.மீ. ஓட்டிப் பாருங்க. மீட்டரும் 10 காட்டினால் சரி. கணிசமாக வித்தியாசம் வந்தால் பல்சக்கரம் மாறியிருக்கலாம், அல்லது கம்பெனி அளவை விடப் பெரிய டயர் போட்டிருக்கலாம். டயர் பெரிசானால் மீட்டர் ஓடிய தூரத்தைக் குறைத்துத்தான் காட்டும். அதையும் மெக்கானிக்கிடம் சொல்லிடுங்க.