உழவர் சந்தை: தராசுக்குப் பின்னால் யார்?

உழவர் சந்தைக்குள் போனதும் முதலில் பார்க்க வேண்டியது விலைப் பலகை. கத்தரி, வெண்டை, தக்காளி, சின்ன வெங்காயம் என்று அன்றைய விலை எழுதியிருக்கும். விடியற்காலையிலேயே மொத்தச் சந்தை நிலவரத்தை விசாரித்து, அதைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதலாகவும், வெளிச் சில்லறை விலையைவிட 15 விழுக்காடு குறைவாகவும் வருமாறு இந்த விலையை வைக்கிறார்கள். மண்டி கமிஷனிலும் கைமாற்றுகளிலும் கரையும் பணத்தை விளைவித்தவரும் வாங்குபவரும் பங்கிட்டுக்கொள்ளும் கணக்கு இது.

பஞ்சாபின் அப்னி மண்டி, ஆந்திரத்தின் ரைத்து பஜார் ஆகியவை உழவர் சந்தைக்கு முன்னோடிகள். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் அன்றைய முதல்வர் மு. கருணாநிதி திறந்து வைத்தார். 2001 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு பல சந்தைகள் களையிழந்தன. 2006இல் ஆட்சி மீண்டும் மாறிய பிறகு சூடுபிடித்தன. கத்தரிக்காய்க்கும் கட்சி உண்டு போலும்!

கடைக்கு வாடகை கிடையாது. தராசும் சந்தையே கொடுக்கும். ஆனால், விற்கும் உழவருக்கு அடையாள அட்டை வேண்டும். நிலம் இவருடையதா, சொன்ன பயிர் அதில் நிற்கிறதா என்று அலுவலர்கள் சரிபார்த்த பிறகே அட்டை கிடைக்கும். சந்தையின் உயிர்நாடியும் இந்த அட்டைதான், ஓட்டையும் இதுதான். மண்டியில் மூட்டையாக வாங்கி, யாருடைய அட்டையிலோ உட்கார்ந்து விற்கும் வியாபாரிகளைப் பற்றிய புகார் பல ஊர்களில் உண்டு. போதாததற்கு, வாசலுக்கு வெளியிலேயே தள்ளுவண்டிகள் வரிசை கட்டுகின்றன. வண்டியை விட்டு இறங்காமல் வாங்க நினைப்பவர்கள் அங்கேயே முடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பத்து மூட்டை தக்காளியை ஒரே நாளில் பறிப்பவருக்கு இந்தச் சந்தை உதவாது. அவர் மண்டிக்குத்தான் போயாக வேண்டும். அரை ஏக்கரில் கீரையும் அவரையும் போட்டு, அன்றாடம் ஒரு கூடை, இரண்டு கூடை கொண்டுவருபவருக்கே இது கைகொடுக்கும். அவரும் முதல் நாள் மாலை பறித்து, கட்டு கட்டி, இருட்டோடு கிளம்பி வர வேண்டும். காலைப் பொழுது இங்கேயே போய்விடுவதால் வயல் வேலைக்கு வீட்டில் வேறு ஆள் வேண்டும். வெயில் ஏறினால் கீரை துவண்டுவிடும். மிஞ்சியதைத் திருப்பி எடுத்துப் போவதைவிட வந்த விலைக்குத் தள்ளிவிடுவது மேல் என்றாகிவிடுகிறது.

ஆகவே, உதவ நினைப்பவர் சீக்கிரம் போவதே பெரிய உதவி. பலகை விலையே வெளியைவிடக் குறைவு என்னும்போது, அதற்கும் கீழே பேரம் பேசுவது அடாவடி. காய் கொஞ்சம் கோணலாக இருந்தால் குழம்புக்கு ஒன்றும் குறைந்துவிடாது. எந்த ஊர்க் காய், எப்போது பறித்தது என்று கேளுங்கள். விளைவித்தவரானால் கேட்காததையும் சேர்த்துச் சொல்வார். பதில் தடுமாறினாலோ, பலகையைவிடக் கூடுதலாகக் கேட்டாலோ சந்தை வளாகத்திலேயே நிர்வாக அலுவலரின் அறை இருக்கிறது. அங்கே போய்ச் சொல்லலாம்.