இரக்கத்திற்கு ஒரு சொல்



பசித்தோருக்கு உணவு, ஆடையற்றோருக்கு ஆடை, அன்னியருக்கு இடம். மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் எளிய சொற்களையே பயன்படுத்துகிறார். இன்றோ, நிவாரணப் பணியின் கையேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பிற மொழிகளுக்குச் செல்கின்றன. அவற்றை ரஷ்ய மொழியில் பெயர்ப்பவர்கள் சந்திக்கும் சிக்கல்கள் நமக்கும் சில உண்மைகளை உணர்த்துகின்றன.

ஆங்கிலத்தில் 'சேஃப்டி' என்றால் விபத்திலிருந்து பாதுகாப்பு. 'செக்யூரிட்டி' என்றால் தாக்குதலிலிருந்து பாதுகாப்பு. ரஷ்ய மொழியில் இரண்டுக்கும் 'பெசபாஸ்னஸ்த்' என்ற ஒரே சொல்தான். எனவே, முகாமில் தீ விபத்து அபாயமா, ஆயுதம் தாங்கியவர்களால் அபாயமா என்பதை மொழிபெயர்ப்பாளர் விளக்கி எழுத வேண்டும். இல்லையேல் வாசிப்பவர் தவறான அபாயத்திற்கு ஆயத்தமாகிவிடுவார்.

உதவி பெறுபவரைக் குறிக்க 'பிளகபலுச்சாத்தெல்' என்ற சொல் உண்டு. 'நன்மையைப் பெறுபவர்' என்பது அதன் பொருள். நாம் சொல்லும் 'பயனாளி' போன்றதே இது. நீட்டிய கை மட்டும் தெரிகிறது; அவரது துயரமும் திறமையும் தெரிவதில்லை. எனவேதான் பல நிறுவனங்கள் இன்று 'பாதிக்கப்பட்ட மக்கள்' என்று எழுதுகின்றன. 'மனிதநேய உதவி' என்பதற்கான நீண்ட ரஷ்யச் சொற்றொடரோ, பேச்சு வழக்கில் 'குமனித்தார்கா' என்று சுருங்கி, வந்து இறங்கும் பொருள்களுக்கே பெயராகிவிட்டது.

ஆனால் ரஷ்ய மொழியில் பழைமையான சொல் ஒன்று உண்டு: 'மிலசேர்தியே'. இரக்கம் என்பது இதன் பொருள். இலத்தீனின் 'மிசெரிகோர்தியா' போலவே இதனுள்ளும் 'இதயம்' என்ற சொல் இருக்கிறது. போரில் காயமுற்றோரைப் பேணிய பெண்களை அந்நாட்டில் 'இரக்கத்தின் சகோதரிகள்' என்றே அழைத்தனர். சோவியத் ஆட்சியில் அவர்கள் 'மருத்துவச் சகோதரிகள்' ஆயினர். இரக்கம் என்ற சொல்லும் பொதுவாழ்விலிருந்து மறைந்தது.

1987இல் எழுத்தாளர் தனீல் கிரானின் அதை மீண்டும் நினைவூட்டினார். தெருவில் தாம் விழுந்து அடிபட்டபோது எவரும் உதவ முன்வராததைச் செய்தித்தாளில் எழுதினார். அக்கட்டுரையின் தலைப்பே 'இரக்கத்தைப் பற்றி' என்பதுதான். பின்னர் லெனின்கிராடில் அதே பெயரில் ஓர் அமைப்பும் உருவானது. 1988 டிசம்பர் 7இல் ஆர்மீனிய நிலநடுக்கம் ஏறத்தாழ 25,000 உயிர்களைப் பறித்தபோது, சோவியத் நாடு அயல்நாட்டு உதவிக்குக் கதவைத் திறந்தது. அன்னை தெரசாவும் அங்கே சென்றார்.

நல்ல சமாரியர் உவமையில் வரும் 'அடுத்திருப்பவர்' என்ற சொல்லை ரஷ்ய விவிலியம் 'பிளீஷ்னி' என்கிறது. அருகில் இருப்பவர் என்பதே அதன் பொருள். இரு மொழிகளும் நம்மை அருகில் செல்லவே அழைக்கின்றன.

எனவே, நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையிலும் அன்பியங்களிலும் உதவி பெறுவோரைப் பட்டியலின் எண்ணாகக் கருதாமல், பெயர் சொல்லி அழைப்போம். பெந்தகோஸ்து நாளில் ஒவ்வொருவரும் தம் சொந்த மொழியில் நற்செய்தியைக் கேட்கச் செய்த தூய ஆவியார், துன்புறுவோருக்குப் புரியும் மொழியை நமக்கும் கற்றுத்தர மன்றாடுவோம்.