பாண்டியன்ல ஒரு ஃபர்ஸ்ட் கிளாஸ் ராத்திரி!

ஃப்ளைட்ல ஃபர்ஸ்ட் கிளாஸ் எல்லாம் நமக்குக் கனவுலதான் பாஸ்! மதுரைக்காரங்களுக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ்னா, பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஃபர்ஸ்ட் ஏசிதான். சென்னையில் எனக்கு இன்டர்வியூ. ஸ்லீப்பர் முழுக்க வெயிட்டிங் லிஸ்ட். "நல்லாத் தூங்கிட்டுப் போப்பா"ன்னு அப்பா இதுல டிக்கெட் போட்டுட்டார். ஸ்லீப்பரைவிட அஞ்சு மடங்குக்கு மேல காசு!

இப்போதைய எல்ஹெச்பி ரயில்களில் ஸ்லீப்பர் பெட்டிக்கு 80 பேர். முழு ஃபர்ஸ்ட் ஏசி பெட்டிக்கு 24 பேர்தான். சைடு பெர்த் கிடையாது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கலாம். விரிப்பு, போர்வை, தலையணை எல்லாம் ரெடி. ரெண்டு பேர் கூபேயா, நாலு பேர் கேபினாங்கிறதை மட்டும் ரயில்வேதான் முடிவு பண்ணும்.

ஆனா, திண்டுக்கல் தாண்டுறதுக்குள்ள போரடிச்சிருச்சு. புளியோதரை நீட்டுற பாட்டி இல்லை. "தம்பிக்கு எந்த ஊரு?"ன்னு விசாரிக்க ஆளில்லை. சரின்னு தூங்கிட்டேன்.

விடியறதுக்கு முன்னாடி சென்னை. ஸ்லீப்பர்ல வந்தவங்களும் அதே நிமிஷம்தான் இறங்கினாங்க! அவங்க கண்ணுல தூக்கக் கலக்கம், எனக்கு இல்லை. கொடுத்த காசு அதுக்குத்தான். காலையில முக்கியமான வேலை இருந்தா ஓகே. சும்மா ஊர் சுத்தப் போறதுக்கு ஸ்லீப்பரே சொர்க்கம்!

ஒண்ணு மட்டும் உறுத்துச்சு. வியாபாரத்துக்காக அன்ரிசர்வ்டுல நின்னுக்கிட்டே சென்னை போறவர் எங்கப்பா. வேலை கிடைச்சா, முதல் சம்பளத்துல அவருக்கு ஒரு ஃபர்ஸ்ட் ஏசி டிக்கெட்!