முப்பது நாள் ஐசியூவில் ஒரு குழந்தை: கண்ணாடிக் கதவுக்கு உள்ளே என்ன நடக்குது?

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் கனமான விஷயம். ட்ரெயின்லயோ பஸ்லயோ ஹெட்போன் மாட்டிக்கிட்டு கேக்குறவங்க நிதானமா கேளுங்க. பயமுறுத்துறதுக்காகச் சொல்லலை, தெரிஞ்சு வச்சுக்கணும்னு சொல்றேன்.

குழந்தைகள் ஐசியூவில் சேர்க்கப்படுற பெரும்பாலான குழந்தைகள் சில நாள்லயே வார்டுக்கு மாறிடுவாங்க. ஒரு சின்னக் கூட்டம் மட்டும் வாரக்கணக்கில, சில நேரம் மாசக்கணக்கில அங்கேயே இருக்கும். எத்தனை நாள் ஆனா அது ‘நீண்ட நாள்’? இதுக்கு ஒரே அளவு கிடையாது. சில டாக்டர்கள் 7 நாள்னு வச்சிருக்காங்க, சிலர் 14, சிலர் 28. இந்தக் குழந்தைகளைப் பத்தித்தான் பேசப் போறேன்.

நான் சொல்ல வர்றது இதுதான். ஐசியூ உயிரைக் காப்பாத்துது, அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா நாள் கூடக் கூட, அங்கே படுத்திருக்கிறதே குழந்தைக்குப் புதுசா சில பிரச்சினைகளைக் கொண்டுவருது. அதுல கணிசமானதைக் குறைக்க முடியும். அதுக்கு அம்மா அப்பா பக்கத்துல இருக்கிறது ரொம்ப முக்கியம்.

ஒரு உதாரணம்

2025 தொடக்கத்துல புனேல பரவுச்சுன்னு செய்தியில அடிபட்டதே, கில்லன் பாரே சிண்ட்ரோம், அதையே எடுத்துக்குவோம். ஒரு குழந்தைக்கு வயித்துப்போக்கோ சளியோ வந்து போகுது. ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு, கிருமியை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தி, தப்பா நம்ம நரம்புகளையே தாக்க ஆரம்பிக்குது. முதல்ல கால் தடுமாறும். அப்புறம் பலவீனம் மேல ஏறும். சிலருக்கு மூச்சு விட உதவுற தசை வரைக்கும் போயிடும். அப்போ வென்டிலேட்டர் வேணும். இம்யூனோகுளோபுலின் ஊசி ஏத்துவாங்க, இல்லைன்னா பிளாஸ்மா மாத்துவாங்க. பெரும்பாலான குழந்தைகள் நல்லா தேறி வந்துடுவாங்க. ஆனா நரம்பு மெதுவாத்தான் சரியாகும், அதனால நாள் ஆகும்.

இதுல பலருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. இந்த நோயில மூளைக்கு ஒண்ணும் ஆகுறதில்லை. கை அசையாது, வாயில ட்யூப் இருக்கிறதால பேச்சு வராது. ஆனா மயக்க மருந்து குறைவா இருக்கிற நேரத்துல, பக்கத்துல நின்னு நாம பேசுறது எல்லாம் அந்தக் குழந்தைக்குக் கேக்கும். “இவன் பிழைப்பானா?”ன்னு தலைமாட்டுல நின்னு அழுதா, அதுவும் கேக்கும்.

ஐசியூ பிறந்த கதை

ஐசியூங்கிற யோசனையே இப்படி மூச்சு விட முடியாம போனவங்களால வந்ததுதான். 1952ல டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்துல போலியோ பெருசா பரவுச்சு. பிளெக்டாம் மருத்துவமனையில, மூச்சு நின்னுபோற நிலைக்கு வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க இறந்துட்டிருந்தாங்க. பியோர்ன் இப்சன்னு ஒரு மயக்கவியல் டாக்டர், 12 வயசுப் பொண்ணு ஒருத்தியோட தொண்டையில துளை போட வச்சு, ட்யூப் வழியா ரப்பர் பையை கையால அமுக்கி மூச்சு கொடுத்தார். அவ பிழைச்சா. அதைத் தொடர்ந்து ஏறக்குறைய 1500 மருத்துவ மாணவர்கள் ஷிஃப்ட் போட்டு, ராத்திரி பகலா, மாசக்கணக்கில பை அமுக்குனாங்க. சாவு எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்குச்சு. அடுத்த வருஷம், 1953 டிசம்பர்ல, இப்சன் அதே நகரத்துல தீவிர சிகிச்சைக்குன்னு தனி வார்டு ஆரம்பிச்சார். 1955ல ஸ்வீடன்ல குழந்தைகளுக்குன்னே ஒண்ணு வந்துச்சு.

அந்த முதல் நோயாளிகள் பக்கத்துல எந்நேரமும் ஒரு மனுஷன் உக்காந்திருந்தான். அப்புறம் பை அமுக்குற வேலையை மெஷின் எடுத்துக்கிச்சு. அது ரொம்ப நல்லது, அதனாலதான் இன்னைக்கு இத்தனை பேரைக் காப்பாத்த முடியுது. ஆனா பக்கத்துல உக்காந்திருந்த அந்த ஆள் எழுந்து போயிட்டான்.

உடம்பு, தூக்கம், பயம்

வென்டிலேட்டர் ட்யூபைக் குழந்தை பிடுங்கிடக் கூடாது, வலி தெரியக் கூடாது. அதுக்காக மிடாசோலம், ஃபென்டனில் மாதிரி மருந்துகள் கொடுப்பாங்க. தேவையான மருந்துதான். ஆனா பல நாள் தொடர்ந்து போனா உடம்பு அதுக்குப் பழகிடும். திடீர்னு நிறுத்தினா வேர்க்கும், நடுங்கும், வாந்தி வரும், தூக்கம் வராது. அதனாலதான் படிப்படியா குறைப்பாங்க. “இன்னும் ஏன் மருந்தை நிறுத்தலை?”ன்னு குடும்பத்துல கோபப்படுறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கணும்.

அடுத்தது டெலிரியம், அதாவது மனக்குழப்பம். ஐசியூவில ராத்திரி, பகல் தெரியாது. லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், அலாரம் அடிச்சுக்கிட்டே இருக்கும். மருந்தும் சேர்ந்துக்கும். சில குழந்தைகள் இல்லாத பூச்சியைப் பார்த்துப் பயப்படும். சில குழந்தைகள் கத்தாது, வெறிச்சுப் பார்த்துக்கிட்டே கிடக்கும். ரெண்டாவது வகையைக் கவனிக்காம விட்டுடுறது சுலபம், “சமத்தா இருக்கான்”னு நினைச்சுக்குவோம். இதைக் கண்டுபிடிக்க 2014ல அமெரிக்காவின் கார்னெல் டாக்டர்கள் எட்டு கேள்வி கொண்ட ஒரு அளவுகோல் கொடுத்தாங்க. முதல் கேள்வி என்ன தெரியுமா? குழந்தை, தன்னைப் பார்த்துக்கிறவங்க கண்ணைப் பார்க்குதா?

மூணாவது, தசை. படுத்தே இருந்தா தசை கரையும். முதல் வாரத்துலயே அது ஆரம்பிச்சுடும். பால்டிமோர்ல இருக்கிற ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல, டாக்டர் சப்னா குட்சட்கர் குழு, மருந்தைக் குறைச்சு, தூக்கத்தைக் காப்பாத்தி, முடிஞ்ச குழந்தையைச் சீக்கிரமே உக்கார வைக்கிற, நடக்க வைக்கிற ஒரு முறையைக் கொண்டுவந்தாங்க. 2016ல முடிவை வெளியிட்டப்போ, அப்படி அசைய வச்சதால எந்த ஆபத்தும் வரலைன்னு சொன்னாங்க. வென்டிலேட்டரோட குழந்தை கட்டில்ல உக்காந்து கலர் அடிக்கிறது இப்போ நடக்கக்கூடிய விஷயம்தான்.

தொண்டையில துளை போடணும்னு டாக்டர் சொன்னா வீடே இடிஞ்சு போயிடும், “கடைசி கட்டமா?”ன்னு. பல நேரம் அப்படி இல்லை. வாய் வழியா இருக்கிற ட்யூபை விட அது குழந்தைக்குத் தாங்கிக்க எளிது. மயக்க மருந்தைக் குறைக்கலாம், எழுப்பி உக்கார வைக்கலாம். மூச்சு சரியானதும் பலருக்கு அதை எடுத்துடலாம்.

பத்து நிமிஷம்

எங்க அக்கா பொண்ணு அஞ்சு வயசுல கடுமையான நிமோனியா வந்து ஒரு மருத்துவமனை ஐசியூவில 31 நாள் இருந்தா. பார்க்குற நேரம் காலையில பத்து நிமிஷம், சாயந்திரம் பத்து நிமிஷம். மீதி நேரம் அக்காவும் மாமாவும் காரிடார்ல ஸ்டீல் நாற்காலியில. டாக்டர்களும் நர்ஸ்களும் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தாங்க, அதைச் சொல்லியே ஆகணும். ஆனா அந்தப் பத்து நிமிஷ ரூல் ஏன்னு கேட்டப்போ, “இன்ஃபெக்‌ஷன் வரும்”ங்கிறதைத் தவிர வேற பதில் வரலை.

கையை ஒழுங்கா கழுவிட்டு வர்ற அம்மாவை உள்ளே விடலாம். உலகத்துல பல குழந்தைகள் ஐசியூவில, பெத்தவங்க ராத்திரியும் கட்டில் பக்கத்துலயே இருக்காங்க. தெரிஞ்ச குரல் கேட்டா குழந்தையோட பதற்றம் குறையும். “எப்பவும் இப்படிப் பார்க்க மாட்டா, ஏதோ சரியில்லை”ன்னு முதல்ல கண்டுபிடிக்கிறதும் பெரும்பாலும் அம்மாதான்.

வீட்டுக்கு வந்த பிறகு

டிஸ்சார்ஜ் ஆனதும் ஸ்வீட் கொடுத்து முடிச்சுடுறோம். 2018ல ஆய்வாளர்கள், ஐசியூவுக்குப் பிறகு குழந்தைகளுக்கு வர்ற பாதிப்புகளை ஒரே சட்டகத்துல தொகுத்தாங்க. உடம்பு, சிந்தனை, மனசு, மத்தவங்களோட பழகுறதுன்னு நாலு பக்கம். அதுல பெத்தவங்களும் கூடப் பிறந்தவங்களும் இருக்காங்க. அது எவ்வளவு சரின்னு எங்க வீட்லயே பார்த்தோம். மைக்ரோவேவ் ‘பீப்’ சத்தம் கேட்டா அவ காதைப் பொத்திக்குவா. அந்த ஒரு மாசம் பாட்டி வீட்ல விட்டிருந்த மூணு வயசுத் தம்பி, அக்கா எங்கே கிளம்பினாலும் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டான். ரெண்டு பேருக்கும் கவுன்சிலிங் தேவைப்பட்டுச்சு. இப்போ நல்லா இருக்காங்க.

ஸ்காண்டிநேவிய நாடுகள்ல நர்ஸ்கள் ஐசியூ டைரி எழுதுற பழக்கம் உண்டு. “இன்னைக்கு நீ கண்ணைத் திறந்தே, அப்பா கதை படிச்சார்”னு தினம் ரெண்டு வரி. பின்னாடி படிக்கும்போது, நினைவுல இருக்கிற பயங்கரக் கனவுக்கும் நிஜத்துல நடந்ததுக்கும் வித்தியாசம் புரியும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும், யார் வேணும்னாலும் எழுதலாம்.

நாம என்ன பண்ணலாம்?

உங்க ஃப்ரெண்ட் வீட்லயோ அண்ணன் வீட்லயோ இப்படி ஒரு குழந்தை இருந்தா, “எப்ப டிஸ்சார்ஜ்?”னு தினமும் மெசேஜ் போடாதீங்க. அவங்களுக்கே தெரியாது. பதிலா, டாக்டர்கிட்ட கேக்க இந்த நாலு கேள்வியை எழுதிக் கொடுங்க: கூட இருக்கிற நேரத்தைக் கூட்ட முடியுமா? ராத்திரி லைட்டையும் சத்தத்தையும் குறைக்க முடியுமா? பிசியோதெரபி எப்போ ஆரம்பிக்கலாம்? வீட்டுக்குப் போனபிறகு யார்கிட்ட காட்டணும்?

அப்புறம் ஒரு டிபன் பாக்ஸ் எடுத்துட்டுப் போங்க. ஒரு ராத்திரி அந்த நாற்காலியில நீங்க உக்காந்து, அவங்களைத் தூங்க அனுப்புங்க. வீட்ல இருக்கிற இன்னொரு குழந்தையைப் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போங்க.

இந்த நிலைமையைக் கடந்து வந்தவங்க யாராவது கேட்டுக்கிட்டிருந்தா, உங்களுக்கு எது உதவுச்சுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம்.