கரண்டிமூக்கு உள்ளான்: கோடியக்கரையில் எங்கே தேடுவது?

சிட்டுக்குருவி அளவுதான். உலகில் சில நூறே மிஞ்சியுள்ளன. ரஷ்யாவின் வடகிழக்குக் கரையோரம் குஞ்சு பொரித்து, குளிருக்குத் தெற்கே வரும் இப்பறவைக்கு 1980களில் இங்கே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கால்வளையம் பூட்டியிருக்கிறார்கள்.

அக்டோபர் முதல் மார்ச் வரை உப்பளப் பாத்திகளின் ஓரச் சேற்றில் மேயும் கொசு உள்ளான் கூட்டங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அவற்றின் நடுவே கரண்டிமூக்கு உள்ளானும் இருக்கலாம்; பக்கவாட்டில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். நம் பக்கம் திரும்பினால்தான் அலகு நுனியின் கரண்டி தெரியும். கொசு உள்ளான் கொத்திக் கொத்தி மேயும். இதுவோ தலையை இடமும் வலமும் ஆட்டிச் சேற்றை அளையும். (பெரிய வெள்ளைக் கரண்டிவாயன் வேறு பறவை, குழப்பிக்கொள்ள வேண்டாம்!)

கண்டால் நெருங்காதீர்கள். தொலைவிலிருந்தே படமெடுத்து, இடத்தையும் நேரத்தையும் குறித்து வனத்துறையினரிடம் சொல்லுங்கள்.