ஒன்றரை டாலர் பள்ளி

சமூகத் தொண்டு என்றதும் பசித்தோர்க்கு உணவளிப்பதே பலர் நினைவுக்கு வரும். அத்தொண்டு நாள்தோறும் நடைபெறுவதற்கான பொருள் எங்கிருந்து வருகிறது என்னும் வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. உரிமைக்குக் குரல் கொடுத்தல், கற்பித்தல், நிதி திரட்டுதல் ஆகிய மூன்றும் இன்று தனித்தனிப் பணிகளாகப் பிரிந்துள்ளன. இம்மூன்றையும் ஒருசேரச் சுமந்தவர், அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி மேரி மெக்லியோட் பெத்யூன்.

தெற்குக் கரோலினாவில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெற்றோருக்கு 1875ஆம் ஆண்டு பிறந்த அவர், பருத்தி வயலில் உழைத்துக்கொண்டே பயின்றார். 1904ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்தின் டேடோனா நகரில் ஐந்து சிறுமியருடன் பள்ளியொன்றைத் தொடங்கியபோது அவரிடம் இருந்தது ஒன்றரை டாலர். கரிந்த மரச்சிராய்கள் எழுதுகோலாயின; பழச்சாறு மையாயிற்று. சர்க்கரைவள்ளிக் கிழங்கில் தின்பண்டம் செய்து தொழிலாளர்களுக்கு விற்றார்.

கட்டடம் எழுப்ப அவ்வருவாய் போதாது. குளிர்காலத்தைக் கழிக்க வடபகுதிச் செல்வர்கள் டேடோனாவுக்கு வருவது வழக்கம். அவர்கள் தங்கிய விடுதிகளில் மாணவியரைப் பாடச் செய்தார். சோப்புத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய ஜேம்ஸ் கேம்பிளை அணுகியபோது, பணத்தோடு நில்லாமல் பள்ளியின் அறங்காவலராகவும் அவரை இணைத்துக்கொண்டார். ஒருமுறை கொடுத்தவர் கொடுத்ததை மறந்துவிடக்கூடும். பொறுப்பேற்றவர் எளிதில் மறப்பதில்லை. நிதி திரட்டுவோர் அறிய வேண்டிய முதல் நுட்பம் இதுவெனலாம்.

ஆயினும், பிறர் பொருளால் நடக்கும் நிறுவனத்தின் தலைவர் துணிந்து பேசுவது எளிதன்று. கறுப்பினத்தார்க்குக் கைத்தொழிற்கல்வியே போதும் என வெள்ளையர் பலர் கருதிய காலம் அது. பெத்யூன் தையலும் சமையலும் கற்பித்தார். அவற்றோடு வாக்குரிமையையும் கற்பித்தார். 1920ஆம் ஆண்டுத் தேர்தலின்போது, வாக்காளர் பதிவுக்குத் தடையாயிருந்த எழுத்தறிவுத் தேர்வுக்கும் தலைவரிக்கும் கறுப்பின மக்களை ஆயத்தப்படுத்தினார். கு கிளக்ஸ் கிளான் என்னும் வன்முறைக் கும்பல் பள்ளி வளாகத்துக்கே வந்து மிரட்டியது. அவர் அஞ்சவில்லை, வாக்களிப்பும் நிற்கவில்லை.

1923ஆம் ஆண்டு அப்பள்ளி, குக்மன் நிறுவனத்துடன் இணைந்தது. பின்னர்க் கல்லூரியாகி, இன்று பல்கலைக்கழகமாக விளங்குகிறது. 1955இல் பெத்யூன் மறைந்தார். வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் சிலைக்கூடத்தில் புளோரிடாவின் சார்பாக 2022ஆம் ஆண்டு அவரது சிலை நிறுவப்பட்டது. புளோரிடாவின் சார்பாக அதற்குமுன் அங்கு வைக்கப்பட்டிருந்தது, அடிமைமுறையைக் காக்க நின்ற தென்மாநிலப் படைத்தளபதி ஒருவரின் சிலை.